நூறு கிராம் வெள்ளைத் தேயிலையும் இரண்டு லிட்டர் பாலும்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். முதலாளி, அவர் மனைவி, ஆனைமலையிலிருந்து வந்திருந்த அவருடைய மாமனார், டிரில்லிங் மிஷினில் நிற்கும் பாய், வெல்டர், லேத்தில் நிற்கும் நான். ஆயுத பூஜை முடிந்து மற்ற ஆட்களெல்லாம் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதை முதலிலேயே எழுதக் காரணம், பின்னால் வெல்டர், பட்டறை இருக்கிற கணபதி வட்டாரம் முழுக்க வேறு கதை சொல்லித் திரிந்ததுதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் ஒரு அநியாயத்தைச் சொல்ல வந்தால், யார் யார் கண்ணால் பார்த்தார்கள் என்பதை முதலில் சொல்லவேண்டும் என்கிற அளவுக்கு எனக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு வயிற்றில் புண். காரணம் கவலை என்றார் டாக்டர். கவலைப்படாதே என்று சொல்ல அவருக்கு ஃபீஸ். வீட்டைப் பூட்டினேனா, சைக்கிளைப் பூட்டினேனா, லேத்தின் சுவிட்சை அணைத்தேனா என்று நாள் பூராவும் மனசு ஓடிக்கொண்டே இருக்கும். காப்பி கூடாது, கடைப்பால் டீ கூடாது என்றார். காலை பதினொரு மணிக்குக் கம்பிக் கூடையில் டீ வரும்போது எல்லோரும் குடிப்பார்கள், நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அதைப் பார்த்துத்தான் பாய் ஒருநாள் காகிதத்தில் மடித்து ஒரு சிட்டிகை இலை கொண்டுவந்தார். அவருடைய மச்சான் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை. விரியாத மொட்டாகக் கிள்ளி, உருட்டாமல் வறுக்காமல், வாடவைத்துக் காயவைத்த இலை. பூனைக்குட்டியின் காதோரத்தில் இருக்குமே, அந்த மாதிரி வெள்ளை ரோமம் அதன் மேலே.

முதல் தடவை கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றிவிட்டோம். நாக்கெல்லாம் துவர்ப்பு. இரண்டாம் தடவை போர்த் தண்ணீர், ஒரே உப்பு. அப்புறம்தான் பிடிபட்டது. வீட்டிலிருந்து கேனில் சிறுவாணித் தண்ணீர் கொண்டுவருவேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்கவைத்து, இறக்கி, ஒரு சொம்பிலிருந்து இன்னொரு சொம்புக்கு மாற்றி ஊற்றினால் அந்த ஆவேசம் அடங்கும். அப்போது இலைமேல் விட்டு மூடிவைக்கவேண்டும். பாய் வெற்றிலை மடித்துப் போட்டு மென்று முடிப்பதற்குள் தயார். நிறம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி லேசான மஞ்சள். வாயில் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. விழுங்கிய பிறகு, பச்சைச் சோளத்தட்டைக் கடித்த மாதிரி ஒரு இனிப்பு தொண்டையிலிருந்து மேலே வரும். அதே இலையில் மறுபடியும் தண்ணீர் விடலாம். இரண்டாவது ஊற்றுத்தான் எனக்கு உயிர். அந்த டம்ளரைக் கையில் பிடித்திருக்கும் நேரம் சுவிட்ச் நினைவு வராது, பூட்டு நினைவு வராது. எனக்கு ஒரு நாளில் அவ்வளவுதான் நிம்மதி.

நூறு கிராம் நூற்றைம்பது ரூபாய். மூன்று பேர் பங்கு போட்டோம். பாய் அன்றைக்கே ஐம்பதைக் கொடுத்தார். வெல்டர், "சம்பளத்தன்னைக்குத் தாரனுங்ணா, ஓடியா போயிருவேன்?" என்றான். அவன் பங்கையும் நானே போட்டேன். டூல் பெட்டியில் வைத்தால் ஆயில் வாசம் ஏறும், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஊதுபத்தி வாசம் ஏறும் என்று யோசித்து யோசித்து, பஞ்சு மட்டும் கிடந்த முதலுதவிப் பெட்டியில் கண்ணாடி பாட்டிலில் வைத்தேன். வாரம் ஒன்றுகூட ஆகவில்லை. பாட்டிலில் கை வைத்த அடையாளமே தெரியாது.

அன்று பூஜை முடிந்ததும் மெயின் சுவிட்சைப் பார்க்கப் போனேன். பார்த்துவிட்டு வந்து, சந்தேகம் வந்து மறுபடியும் போனேன். திரும்பும்போது பால் பொங்குகிற வாசனை. டீக்கடையும் பூஜைக்கு மூடியிருந்ததால் மாமனாருக்கு டீ வேண்டுமென்று முதலாளி சொல்லியிருக்கிறார். வெல்டர் ஓடிப்போய் இரண்டு லிட்டர் பால் வாங்கி வந்து, ஒரு கைப்பிடி இஞ்சியைத் தட்டிப் போட்டு, சர்க்கரை போட்டு, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், என்றா பண்றே?" என்றேன்.

"சாயமே எறங்க மாட்டேங்குதுங்ணா. அதான் எல்லாத்தையும் போட்டுட்டேன். வந்திருக்கற ஒறம்பரைக்குப் போயிக் கஞ்சத்தனம் பண்ண முடியுமுங்களா?"

ஏறக்குறைய முழு நூறு கிராமும் பாலில் மிதந்தது. கொதிக்கக் கொதிக்கப் பால் வெள்ளையாகவே இருந்தது.

மாமனார் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க மாப்ள, பட்டறை நல்லாத்தான ஓடுது? டீத்தூளு வாங்கக் காசில்லீன்னா சொல்லக் கூடாதுங்களா? ரெண்டு தேங்கா மூட்டைய வித்துக் குடுத்திருப்பேன்."

முதலாளியின் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மாமனார் விடவில்லை. வடிகட்டியிலிருந்து ஒரு இலையை எடுத்து விரலால் நீவி, "இது ஒருக்கா டீ போட்டு, வெயில்ல காயவெச்சு வித்த எலைங்க. ஆரோ நல்லாத் தலையில மொளகா அரைச்சிருக்காங்க" என்றார்.

"இத ஆரப்பா வாங்குனது?" என்று கேட்டார் முதலாளி.

வெல்டர் என்னைக் கை காட்டினான். "அண்ணன்தானுங்க. எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

தெரியாதாம்! முந்தின நாள்தான் இரண்டாவது ஊற்றில் எனக்கு முன்னால் டம்ளரை நீட்டியவன். மூன்றில் ஒரு பங்கு அவனுடையது.

நான் விளக்க ஆரம்பித்தேன். மொட்டு, ரோமம், சிறுவாணி, தண்ணீரை மாற்றி ஊற்றுவது என்று எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வாயிலிருந்து வந்தது. உளறுகிறவன்தான் திருடன் என்று யாரோ எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள் போல, ஆறு பேரில் மூன்று பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முதலாளி, "செரி உடப்பா, ஏமாந்துபோட்டீங்க. இனிப் பாத்து வாங்குங்க" என்று எனக்குப் புத்தி சொன்னார். பாய் மட்டும், "ஏமாறலீங்க. என்ற மச்சான் குடுத்த சரக்குங்க அது" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பால் முழுவதையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பாத்திரத்தைக் கழுவியவன் நான்.

சம்பளத்தன்று வெல்டரைக் கேட்டேன்.

"எதுக்குங்ணா அம்பது? நான் குடிச்சது பாலுதானுங்களே. அந்தப் பாலும் நான் வாங்குனது. பதினெட்டு ரூவா. அதக் கழிச்சுக்குங்க, மிச்சத்த தீவாளி கழிச்சுப் பாத்துக்கலாம்."

பாலுக்குக் காசை முதலாளி கொடுத்துவிட்டார் என்பது பாய்க்கும் தெரியும். அதையும் சொன்னேன். "கொஞ்சம் தேயிலைக்கு இந்தக் குதி குதிக்கிறாரு பாருங்க" என்று பட்டறைக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங் வைக்கப் போய்விட்டான். முகமூடி போட்டவனிடம் என்ன பேசுவது? இரண்டு ராத்திரி வயிறு எரிந்தது. எரிந்தது புண் மட்டுமில்லை.

அப்புறம் பாயும் நானும் இரண்டே பேராக மறுபடி வாங்கினோம், ஆளுக்கு எழுபத்தைந்து. இந்த முறை பாட்டிலை வீட்டிலேயே வைத்து, அன்றாடத்துக்குக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனேன். முதல் நாள் மூடியைத் திறந்து ஆவி வந்ததும், சொல்லிவைத்த மாதிரி வெல்டர் டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒரு வாயி ஊத்துங்ணா. அந்த வாசத்துக்கே வந்துபோட்டேன்."

"மொதல்ல காசு" என்றேன்.

"உடுங்க தம்பி, குடிக்கிறதுக்குக் கேக்கறான்" என்று பாய் தன் டம்ளரிலிருந்து பாதியை அவனுக்கு ஊற்றினார். அவன் கண்ணை மூடிக்கொண்டு, உறிஞ்சி உறிஞ்சி, சாமர்த்தியமாக ரசித்துக் குடித்தான். "ரெண்டாவது ஊத்துக்கும் கூப்புடுங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அன்றைய நிம்மதி அவ்வளவுதான், போயே போய்விட்டது.

பாய் ஊற்றியது பாயின் பங்கு, பாயின் தாராளம். அதை என் கணக்கில் சேர்க்கச் சம்மதிக்கமாட்டேன். பாலையும் கழிக்கமாட்டேன். வெல்டர் எனக்குத் தரவேண்டியது இன்று வரைக்கும் ஐம்பது ரூபாய்.