பாக்கியம் அக்கா வீட்டுச் சுவர்

மலேசியாவின் ஜொகூரில் என் வேலைநாள் அடுத்தவர் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றுவதில் தொடங்குகிறது. தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சாமி படங்களைத் தாண்டி உள்ளே போய்ச் சுவரை அளக்க வேண்டும். சிம்பாங் ரெங்கத்தில் நாங்கள் வடிகாலுக்குத் தோண்டும் பள்ளத்தின் ஓரத்தில் பாக்கியம் அக்காவின் வீடு இருக்கிறது. அதன் கூடத்துச் சுவரில், சன்னல் மூலையிலிருந்து தரை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல். அதன் குறுக்கே கோடு போட்ட பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஒட்டியிருந்தேன். விரிசல் வளர்ந்தால் அது காட்டிவிடும். வளராதவரைதான் பள்ளத்தை ஆழப்படுத்தலாம். தூத்துக்குடியில் நான் பொறியாளராக வேலை பார்த்தபோது இப்படி யாரும் அளந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் நின்று சத்தம் போடுவார், ஒப்பந்தக்காரர் இரண்டு மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரையும் அனுப்புவார், சத்தம் அடங்கும். இங்கே யாரும் சத்தம் போடுவதில்லை. தேநீர் கொடுக்கிறார்கள். அந்த அமைதிதான் எனக்கு அதிகப் பயம் தருகிறது.

போன வியாழக்கிழமை நான் போனபோது சுவரில் விரிசலும் இல்லை, தகடும் இல்லை. புதுப் பூச்சு. அதன்மேல் பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட்.

"எப்படி தம்பி இருக்கு? ஞாயித்துக்கிழமை மகளுக்குப் பரிசம்லா. நூறு பேரு வராங்க. வாசல்லயே பந்தல் போடுறோம்."

"அந்தத் தகடு எங்கக்கா?"

"அலமாக், அந்தப் பிளாஸ்டிக்கா? மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாத்தா சிரிப்பாங்க. சுரண்டிப் போட்டாச்சு."

பந்தல் போடப் போகும் வாசலுக்கு அடுத்தது பள்ளத்தின் விளிம்பு. முந்தின நாள் நல்ல மழை. சுவர் நகர்கிறதா என்று சொல்ல இப்போது என்னிடம் எதுவுமில்லை. சுவரைப் படம் எடுத்து தோண்டும் ஆட்களின் மேற்பார்வையாளர் அஸ்மானுக்கு அனுப்பி, தோண்டுவதை நிறுத்தச் சொன்னேன். உடனே அழைத்தார். "டிண்டிங் சந்திக் லா, பாஸ்! அப்பா மாசாலா?" சுவர் அழகாகத்தானே இருக்கிறது, என்ன பிரச்சினை என்கிறார். அந்த அழகுதான் பிரச்சினை என்பதை விளக்க என் அரைகுறை மலாய் போதவில்லை. நிறுத்துங்கள் என்று மட்டும் மறுபடி சொன்னேன். இயந்திரம் நின்றது.

மாலையில் திரும்பி வந்தேன். புதுப் பூச்சு காயும்போது வெடிப்பது இயல்பு. ஆனால் அந்த வெடிப்பு வலைபோல் எல்லாப் பக்கமும் ஓடும். மஞ்சளில் தெரிந்தது ஒற்றைக் கோடு. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, பழைய விரிசலின் பாதையிலேயே வந்திருந்தது. யாரும் தோண்டாமலே மண் நகர்ந்துகொண்டிருந்தது.

அக்கா விரலில் பெயிண்டைத் தொட்டுக்கொண்டு வந்தார். "காஞ்சா வெடிக்கத்தான செய்யும். இதோ, மறச்சிடலாம்."

"தொடாதீங்க!"

இந்த நாட்டில் நான் போட்ட முதல் சத்தம் அது. சமையலறையிலிருந்து மகள் ஓடிவந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"இன்னைக்கே எல்லாரும் வெளியேறணும்க்கா. பரிசத்த மண்டபத்துல வச்சுக்கோங்க."

அக்கா விரலைத் துடைத்தார். "எஸ்டேட்ட வித்தப்ப ஆபீஸ் கணக்கு பாக்குற கிராணி வந்து எங்கப்பாகிட்ட இப்படித்தான் சொன்னாரு. அவராச்சும் இங்கத்து ஆளு. நீங்க வேல பெர்மிட்ல வந்தவரு. என் வீட்ட விட்டு என்னையே போகச் சொல்றீங்களா, தம்பி?"

"ஆமாக்கா," என்றேன்.

இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். கடைசியாக ஏறிய அக்கா, காருக்குள்ளிருந்தே வீட்டுச் சாவியை நீட்டினார். "சுவத்தத்தான பாக்கணும்? நல்லாப் பாருங்க."

சனிக்கிழமைக்குள் வாசலை ஒட்டிய பள்ளத்தை மண் கொட்டி மூடினோம். ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். கோடு வளரவில்லை. மண் நின்றுவிட்டது. ஆளில்லாத கூடத்தில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தபோது, இடம் மாறியது தெரியாமல் பழத்தட்டோடு ஒரு பெரியவர் வாசலுக்கு வந்தார்.

"பாக்கியம் வீடுதான? நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

மண்டபத்துக்கு வழி சொன்னேன். மற்ற கேள்விக்குப் பதிலை எதிர்பார்க்காமல் அவர் தட்டோடு திரும்பிவிட்டார். ஊரில், பாளையங்கோட்டையில் பூட்டிக் கிடக்கும் என் வீட்டுச் சாவி எதிர்வீட்டுக்காரரிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை திறந்து பெருக்கிவிடுகிறார். அக்கா வீட்டுக் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.