மோட்டார் பாட்டு

டிவி நகைச்சுவை நிகழ்ச்சிக்குக் கிண்டல் பாட்டு எழுதுவதுதான் மயிலாப்பூர் சந்திரிகாவின் பிழைப்பு. அதற்கு ஆள் தேடி அவள் அலைந்ததே இல்லை. கீழ்வீட்டில்தான் ஹவுஸ் ஓனர் விஜயராகவன் இருக்கிறாரே!

ஞாயிறன்று, ஆறு மணிக்கு மேல் தண்ணீர் மோட்டார் போடாத ஓனரைப் பற்றிய பாட்டு ஒளிபரப்பானது. மறுநாள் மாலை விஜயராகவனே மாடியேறி வந்தார். காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்றே அவள் நினைத்தாள்.

"எதிராத்துக்காரனை நன்னா வாரிட்டே, போ! சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கறது. மொட்டைமாடியை வேற பூட்டி வெச்சுக்கறான், அல்பம்! அதையும் அடுத்த பாட்டுல சேரு."

"சேர்த்துடறேன் மாமா. துணி காயப்போடணும், நம்ம மொட்டைமாடி சாவி?"

"அதெல்லாம் தர்ற வழக்கம் இல்லே" என்றவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு. அவள் எழுதிய பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு கீழே போய் மோட்டாரை நிறுத்தினார்.