ஒரிஜினல் ஆக்ஸில்

"பழைய இராணுவ லொறி, நான்கு சக்கரமும் இழுக்கும், பின் ஆக்ஸில் ஒரிஜினல்." போன ஞாயிறு பூசை முடிந்து வந்து கைபேசியைத் திறந்தபோது கண்ட விற்பனை விளம்பரம் இது. இடம் பசறை. ஒரிஜினலாம்! படத்தில் பின்கதவின் நசுங்கலைப் பார்த்ததுமே என் மூக்கில் கியர் எண்ணெய் நாறியது. கந்தகமும் கருகலும் கலந்த அந்த வாடை சட்டையில் ஏறினால் எத்தனை சலவைக்கும் போகாது.

அப்போது நான் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் சின்னக் கிளாக்கர். தேதி போடாமல் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டேன் என்று கேலி செய்வார்கள். இந்த ஆக்ஸில் சம்பவத்துக்கோ என்னிடம் இருப்பது 'குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள்' மட்டுமே. தோட்டத்தில் ஒரே மாதிரி இரண்டு பழைய இராணுவ லொறிகள். பின்கதவு நசுங்கிய ஒன்றில் தேயிலைக் கொழுந்து ஏறும். மற்றதில் சிவப்புச் சிலுவை வரைந்து நோயாளிகளை ஏற்றுவார்கள். அதுதான் எங்கள் அம்பியூலன்ஸ். அன்று மலையேற்றத்தில் கொழுந்து லொறியின் பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டு முறிந்தது.

ஹாலிஎலையிலிருந்து மெக்கானிக் ரஸீன் நானா வந்தார். ஆணிகளைக் கழற்றி உருவினால் கியர் எண்ணெய் வழியப் பாதி ஆக்ஸில்தான் வந்தது. மீதித் துண்டை மறுபக்கத்திலிருந்து கம்பியால் குத்தித் தள்ளினார். புதியது கொழும்பிலிருந்து வரவேண்டும். பெரிய கிளாக்கர், தோட்டத்தை நடத்தும் தொரையின் உத்தரவோடு வந்தார்: "அம்பியூலன்ஸ்ல இருக்கிறதக் கழட்டிப் போடுங்க. கொழுந்து வாடிருமுல்ல."

"நல்லாயிருக்கு! ஒருத்தன் கால வெட்டி இன்னொருத்தனுக்கு ஒட்டச் சொல்றீங்க," என்றார் நானா.

அம்பியூலன்ஸ் ஓட்டும் செபஸ்தியான் அண்ணன் சாவியைக் கொடுக்கவில்லை. "ஐயா, மேல லயத்து வீட்டுல மரியாயி நெறமாசமா இருக்கா. வலி வந்தா எதுல ஏத்துறது? ஒங்க நாற்காலியிலயா?"

"ஒரே வாரம், செபஸ்தியான். புது ஆக்ஸில் வந்துரும்."

தொரையே கொட்டகைக்கு வந்தபிறகு சாவி கைமாறியது. கொழுந்துக்கென்றால் அரை நாளில் வேலை முடிந்துவிடுகிறது!

உயிர்ப்பு ஞாயிறும் போனது. அடுத்த வாரம் மரியாயிக்கு வலி கண்டபோது அம்பியூலன்ஸ் இன்னும் மரக்கட்டைகள்மேல்தான் நின்றது. கொழுந்து லொறி தன் மூட்டைகளையெல்லாம் தொழிற்சாலையில் இறக்கிவிட்டே லயத்துக்கு வந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஒரு வளைவில், கொழுந்துச் சாறு ஊறிக் கறுத்த பலகைமேல் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

அன்றைய கொழுந்து வாடவில்லை.

விளம்பரத்து எண்ணுக்கு அழைத்தேன். "கழட்டவே இல்லீங்க, கம்பெனியில போட்டது அப்படியே இருக்கு," என்றார் விற்பவர். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அம்பியூலன்ஸ் பழைய இரும்புக்குப் போனது, கொட்டகையும் இல்லை. மரியாயி குடும்பம் அப்புத்தளைப் பக்கம் போய்விட்டது. அந்தப் புது ஆக்ஸிலுக்குக் கொழும்புக்கு உண்மையிலேயே ஓடர் போனதா? கேட்டபோதெல்லாம் "போட்டாச்சு" என்றார்கள். இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.