மகளின் துவக்கும் என் வாயில் வந்த பதிலும்

இந்த நோர்வே நாட்டில் துவக்கோடு ரயிலில் போகலாம். குண்டில்லாமல், உறையில் போட்டு, பேசாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை நான் திருநீறு பூசிக்கொண்டு அம்மருட் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், எதிர் சீற்றில் இருக்கிற பிள்ளை என் நெற்றியைக் காட்டித் தாயிடம் என்னவோ கேட்கும். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் மகள் மதுரா, "ஒரு சாமான் எடுக்கவேணும், துணைக்கு வாங்கோ அப்பா" என்று கூட்டிக்கொண்டு போய் அந்தத் துவக்கை வாங்கி வந்த நாளில், ரயிலில் வேர்த்துக் கொட்டியது எனக்கு மட்டும்தான்.

அவள் இஞ்சை பிறந்தவள், முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறாள். வேலைத்தளத்துச் சிநேகிதிகளோடு மலைக்குப் போகத் தொடங்கியவள், வேட்டைப் பரீட்சையும் எழுதி, பொலிஸ் அனுமதியும் எடுத்துவிட்டாள். துவக்கு ஒரு சிநேகிதியின் காலஞ்சென்ற தகப்பனுடையது. பழைய இரட்டைக்குழல். அந்த மனிதர் பனை உயரமாம். என் மகளோ தாயைப் போல் கட்டை. தோளில் வைக்கிற மரப்பகுதி அவளுக்கு நீளம் என்று குசினி மேசையில் தச்சுவேலை ஆரம்பமானது. மரத்தை அறுத்தாள், அரத்தாளால் தேய்த்தாள், நுனியில் றப்பர் பொருத்தினாள், தோளில் கொழுவத் தோல்வார் பூட்டினாள். இடியப்ப உரலுக்குள் மரத்தூள். சுவாமிப் படங்களுக்கு முன்னால் சாம்பிராணி மணக்கவேண்டிய இடத்தில் ஆளிவிதை எண்ணெய் நாற்றம். எண்ணெய் பூசுகிற துணியை உற்றுப் பார்த்தால், அது என் கோயில் வேட்டி!

"இஞ்சருங்கோ, அது கரை கிழிஞ்சது, நான்தான் குடுத்தனான்" என்றாள் மனைவி.

"கிழிஞ்சால் என்ன? முருகனுக்கு முன்னாலை கட்டின வேட்டி!"

"ஸ்லாப் ஆவ், அப்பா" என்றாள் மகள். கோபப்படாதே, ஆறுதலாக இரு என்று அர்த்தம். இந்த நாட்டில் என்னிடம் ஆகக் கூடுதலாகச் சொல்லப்பட்ட வசனம் அதுதான்.

நான் ஏன் ஆறுதலாக இருக்கமுடியாது என்று அவளுக்குத் தெரியாது. வவுனியாவுக்குக் கிட்ட எங்கள் வயலில் பன்றி இறங்காத நாள் குறைவு. அதற்காக அப்பா லைசன்ஸ் எடுத்து ஒரு துவக்கு வைத்திருந்தார். ஒரு பின்னேரம் இயக்கப் பெடியள் வந்து, "போராட்டத்துக்குத் தேவை ஐயா" என்று மரியாதையாகக் கேட்டார்கள். மறுக்கவா முடியும்? கொடுத்தோம். பிறகு ஆமி வந்தது. லைசன்ஸ் இருக்கிறது, துவக்கு எங்கே? அப்பா காய்ச்சலில் கிடந்தார். அண்ணன் முற்றத்தில் நின்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "துவக்கு நே மாத்தயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். துவக்கு இல்லை ஐயா என்று அர்த்தம். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். வீட்டில் இல்லாத ஒரு சாமானுக்காகப் போனவன் இன்றுவரை வரவில்லை. பிள்ளைகளிடம் பெரியப்பா செத்துப்போனார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். இப்போது என் வீட்டுக்குள்ளேயே துவக்கு. எப்படியாவது அது போய்விடவேண்டும் என்று மூன்று வெள்ளிக்கிழமை விரதம்கூடப் பிடித்தேன்.

துவக்கைச் சட்டப்படி பூட்டி வைத்திருக்கிறோமா என்று பார்க்கப் பொலிஸ் வரும் என்று மகள் சொல்லியிருந்தாள். எரிச்சலில் நான் காது கொடுக்கவில்லை. ஒரு நாள் மணி அடித்தது. கதவைத் திறந்தால் சீருடை. இளம் பொடியன். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சோக்ஸ் காலோடு உள்ளே வந்து, சிரித்தபடி நோர்வேஜிய மொழியில் கேட்டான்:

"துவக்கு எங்கே இருக்கிறது?"

எனக்குப் பின்னால் வந்த மகளை மறைத்துக்கொண்டு நின்றேன். "துவக்கு நே மாத்தயா" என்றேன்.

பொடியன் மகளைப் பார்த்தான். "அப்பா என்ன சொல்கிறார்?"

"எனக்கும் தெரியாது" என்றாள் அவள்.

எனக்கு மொழி தெரியாது என்று நினைத்துவிட்டான். ஒவ்வொரு சொல்லாக, உரத்து, கையால் காட்டிக் காட்டி, "பயம் வேண்டாம்" என்றான். இருபது வருடமாக இந்தச் சனங்களோடு பேக்கரியில் பாண் போடுகிற எனக்கு! மகள் இரும்பு அலுமாரியைத் திறந்து காட்டினாள். அவன் இலக்கத்தைப் பார்த்தான், அவள் அறுத்துத் தேய்த்த மரப்பகுதியைத் தடவி, "இதை நீயா செய்தாய்?" என்று மெச்சினான். நல்ல வேட்டை கிடைக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு, குனிந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

"அப்பா, அது என்ன பாசை?"

"சிங்களம்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அழுதுகொண்டு குசினிக்குள் போனாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மதுரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வித்துவிடட்டோ அப்பா? உண்மையாத்தான் கேக்கிறன்" என்றாள்.

நான் விரதமிருந்து கேட்டது அதைத்தான். ஆனால் ஓம், வித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு சீருடைக்காரன் வந்தான், கேட்டான், பார்த்தான், வாழ்த்திவிட்டுப் போனான். பதில் சொன்ன பிள்ளை வீட்டிலேயே நிற்கிறாள். இவ்வளவு சின்ன விஷயமா இது? இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என் அண்ணன் போனான்? அவளுக்கு இது சின்ன விஷயமாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"இருக்கட்டும். வெள்ளிக்கிழமையிலை மட்டும் சுடாதை."

"பறவைக்குக் கிழமை தெரியாது அப்பா."

"உனக்குத் தெரியுமெல்லே!"

சனிக்கிழமை விடிய அவள் சிநேகிதிகளோடு மலைக்குப் போனாள். ரீப்பே என்று ஒரு மலைக்கோழியாம், பனி நிறத்துக்கு மாறுமாம். நான் குளித்துவிட்டுச் சுவாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினேன். அந்த வாயில்லாச் சீவன் தப்பிப் பறக்கவேண்டும் என்று கேட்பதா, என் பிள்ளையின் குறி தப்பக்கூடாது என்று கேட்பதா? முருகா என்று மட்டும் கூப்பிட்டேன். தட்டில் கற்பூரம் எரிந்து முடிந்தது. நான் இன்னும் கைகூப்பியபடி நின்றேன்.