ஓராள் சட்டி

என் கணவர் வேலையால் வந்ததும் கார்ச் சாவியையும் சட்டைப்பைச் சில்லறையையும் கொண்டுபோய் அந்த மண்சட்டிக்குள் போடுவார். குசினி ஜன்னலோரம் இருக்கிற சட்டி அது. இரண்டு கைக்குள் அடங்கும். மேற்பாதி பளபளக்கிற மண்ணிறம், கீழே மெருகில்லாத வெறும் மண், மேலே கனமான மூடி. அதற்குள் சாவி விழுகிற சத்தம் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! “உது சும்மா கிடக்கிற சட்டிதானே, என்ன இப்ப?” என்பார். சும்மா கிடக்கிற சட்டியாம். அவருடைய சொந்தத் தமக்கை யப்பானிலிருந்து மொன்ட்ரியால் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்த சட்டி அது. அவருக்கே அது தெரியவில்லையென்றால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

அவருடைய தமக்கை என்றால் எனக்கு மச்சாள். அந்த வீட்டில் மூத்தவர். மொன்ட்ரியாலுக்கு முதலில் வந்தவரும் அவர்தான். தம்பிமார் இரண்டு பேரையும் கூப்பிட்டு எடுத்தார், கலியாணம் பேசிக் கட்டிவைத்தார், தான் கட்டாமல் இருந்துவிட்டார். எங்களோடு மொன்ட்ரியால்-நோரில்தான் இருந்தார். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குகிற சமையற்கூடத்தில் பகல் முழுக்க நின்று, ஊர் ஊராகப் பறக்கிறவர்களுக்குத் தட்டு அடுக்குவார். வேலை முடிந்து வந்தால் எங்கள் எல்லாருக்கும் சமையல். எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, மிஞ்சிய சோற்றைக் கறிச்சட்டிக்குள் போட்டுப் பிரட்டி, அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் சாப்பிடுவார். “அக்காவுக்குச் சட்டிச்சோறு எண்டால் உயிர்” என்று தம்பிமார் பகிடி விடுவார்கள். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் தொடக்கம் அவர் மேசையில் இருந்து சாப்பிட்டு நான் கண்டதில்லை. இருங்கோ மச்சாள் என்று கதிரையை இழுத்து வைத்தாலும், “நீங்கள் சாப்பிடுங்கோ, எனக்கென்ன அவசரம்” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எங்கள் பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டுத் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். பிரெஞ்சுச் சனல் ஒன்றில் யப்பானைக் காட்டினார்கள். அங்கே ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் அந்தந்த ஊரின் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டி விற்பார்களாம். ஒரு பெண் தனியாக ஜன்னலோரம் இருந்து, மடியில் ஒரு மண்சட்டியை வைத்து, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, மூடியைத் திறந்து சாப்பிட்டாள். அவ்வளவுதான் காட்சி. மச்சாள் கண் வெட்டாமல் பார்த்தார். “பாத்தியே பிள்ளை, ஒருத்தி தனிய இருந்து ஆற அமரச் சாப்பிடுறாள். ஒருத்தரும் அவளிட்ட ஒண்டும் கேக்கேல்லை” என்றார். பிறகு எழும்பிப் போய்ப் புட்டுக்கு மா குழைத்தார். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அந்த வருஷம் முழுக்க நூலகத்தில் யப்பான் படப் புத்தகங்களாக எடுத்து வந்தார், கடைசியில் “நான் போகப் போறன், நீயும் வா” என்றார். அவர் வாயிலிருந்து ‘போகப் போறன்’ என்ற சொல்லை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

வீட்டில் எழும்பிய புயலைச் சொல்ல வேணும். மூத்த தம்பி லவாலில் பெரிய வீடு வாங்கியிருந்தவர். நாங்கள் அவரை லவால் அத்தான் என்போம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். “அக்கா, சிதம்பரம் போறன் எண்டால் நானே கூட்டிக்கொண்டு போவன். கதிர்காமம் எண்டாலும் பரவாயில்லை. சாப்பிடுறதுக்கு யப்பானுக்கு ஆரும் போவினமே? சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது?” என்றார். சனத்துக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? அக்கா புத்த கோயில்கள் பார்க்கப் போகிறா என்று சொன்னார்! வெட்கமில்லாமல் கலியாண வீடுகளில் நின்று சொன்னார். அவர் கூட்டாளிமாரோடு மீன் பிடிக்க என்று ஏரிக்கரைக்குப் போனால் அது பொழுதுபோக்கு. ஒரு மனுஷி பசிக்கு, ருசிக்கு, தன் வாய்க்கு என்று ஒரு பயணம் போனால் அது குடும்ப மானம். அவருடைய மனைவி பெரிய மனதோடு ஒரு ஜாம் போத்தல் நிறைய மிளகாய்த்தூள் தந்து, “அங்கை ஒண்டும் வாயில வைக்கேலாது மச்சாள், கொண்டு போங்கோ” என்றா.

நாங்கள் போனோம். மச்சாளுக்கு முதலில் அந்த மண்சட்டி. தோக்கியோவில் இறங்கி நித்திரைகூடச் சரியாகக் கொள்ளாமல், இரண்டு ரயில் மாறி, யொகொகாவா என்ற மலையடிவார ஊருக்குப் போனோம். ரயில் பாதை அதோடு முடிகிறது. சட்டி கையில் சூடாக வந்தது. திரும்புகிற ரயிலில் ஜன்னலோரம் போய் இருந்துகொண்டு, சேலைத் தலைப்பைச் சரி செய்வதுபோலக் கோட்டை இழுத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்தார். சாற்றில் அவித்த சோறு. மேலே கோழித்துண்டு, மூங்கிற் குருத்து, காளான், ஒரு காடை முட்டை, இனிக்க அவித்த ஒரு மஞ்சள் கஷ்கொட்டைப் பருப்பு. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நான் ருசி பார்க்கக் கை நீட்டினேன். “உன்ரயைச் சாப்பிடு பிள்ளை” என்று சிரித்தார். “இதில பங்கு பிரிக்கேலாது. ஓராளுக்குத்தான் காணும்.” அடி மட்டும் வழித்துச் சாப்பிட்டார். கஷ்கொட்டையைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

பிறகு கனசாவா. அந்தக் கடலோர ஊர்கள் நண்டுக்குப் பேர் போனவை. ஸ்டேஷன் கடையில் நண்டுச் சோற்றுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மச்சாளுக்கு நண்டு ஆகாது. தின்றால் உதடு தடித்துவிடும், உடம்பெல்லாம் சொறியும். விற்கிற அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, இவருக்கு யப்பான் மொழி தெரியாது. இவர் இரண்டு கையையும் நண்டுக் கால்போல ஆட்டிக் காட்டி, கழுத்தைச் சொறிந்து காட்டினார். அந்த அம்மா “ஓ!” என்று வாயைப் பொத்திக்கொண்டு, பெட்டிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தேடித் தேடி ஒரு வட்டப் பெட்டியை எடுத்துத் தந்தா. மூங்கில் இலையை விரித்தால் உள்ளே இளஞ்சிவப்பு மீன் படிந்த அமுக்கிய சோறு. பக்கத்து மாகாணமான தொயாமாவின் சாப்பாடாம். முன்பின் தெரியாத அந்த அம்மா, நாங்கள் ரயில் ஏறும்வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றா.

தகமட்சுவில் ஊடொன் என்கிற தடித்த கோதுமை நூடில்ஸ். விடியவெள்ளனவே கடை நிறைந்துவிடும். பாதிப் பேர் சுவரோரம் நின்றுகொண்டே உறிஞ்சிவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். எங்களுக்கும் நிற்கத்தான் இடம் கிடைத்தது. மச்சாள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. “நான் நிண்டு சாப்பிட்டது காணும்” என்றார். ஒரு கிழவனார் எழும்பும்வரை காத்திருந்து, கதிரையில் இருந்து, சாற்றை ஒரு வாய் குடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. “பிள்ளை, இது நெத்தலி! நெத்தலிக் கருவாடு போட்டுக் காய்ச்சியிருக்கிறான்!” என்று கத்தினார். கடைக்காரர் திரும்பிப் பார்க்க, இவர் சாற்றைக் காட்டிச் சின்ன மீன்போல விரலை ஆட்ட, அவர் உள்ளே போய் ஒரு பிடி காய்ந்த நெத்தலி கொண்டுவந்து காட்டினார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பழக்க தோஷத்தில் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தேன். “வை உள்ள! அந்த மனிசன் இருட்டோட எழும்பிக் காய்ச்சின சாறு” என்று அதட்டினார். போத்தல் போனபடியே திரும்பி வந்தது.

வந்த கிழமையே லவாலில் எல்லாரும் கூடினார்கள். பயணம் எப்படி என்று கேட்கவில்லை. “அக்கா, உங்கட கையால கூழ் குடிச்சு எவ்வளவு நாளாச்சு” என்றார் லவால் அத்தான். பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழ், அதுவும் நண்டு போட்டு. அவருக்கு நண்டில்லாக் கூழ் கூழே இல்லை. மச்சாள் கையுறை போட்டு நண்டு உடைத்து, இவ்வளவு பெரிய பானையில் காய்ச்சி, எல்லாருக்கும் வார்த்துக் கொடுத்துவிட்டு, பாணும் சம்பலும் தின்றார். திறக்காத தூள் போத்தலை மட்டும் மேசையில் வைத்தார். “இஞ்ச உங்கட தூள். அங்கை தேவைப்படேல்லை” என்றார். அதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானங்களில் அவர் எங்கள் வீட்டில் அந்தச் சட்டியில் தனக்கு மட்டும் சமைப்பார். மூங்கிற் குருத்து, சீனக் கடையில் கிடைக்கும். கஷ்கொட்டைக்குப் பனிமாரி வரவேண்டும். மேசையில் இருந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எல்லாருக்கும் முதல் சாப்பிடுவார். அதற்கும் என் கணவர், “அக்காவுக்கு யப்பான் பேய் பிடிச்சிட்டுது” என்றார்.

ஒரு மாரியில் மச்சாள் நெஞ்சடைத்துப் போய்விட்டார். செத்த வீட்டில் லவால் அத்தான் பேசினார். “எங்கட அக்கா தனக்கெண்டு ஒரு வாய் ஆசைப்பட்டதில்லை” என்றார். “யப்பானுக்கும் தல யாத்திரைதான் போனவ” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, அதை நான் கண்ணால் கண்டேன். சனம் கண்ணைத் துடைத்தது. எனக்குக் கண்ணீர் வரவில்லை. அவர் ஆசைப்பட்டார் ஐயா! ஆசைப்பட்டு, மெனக்கெட்டு, உலகத்தின் அந்தக் கரைக்குப் போய்ச் சாப்பிட்டார். அவரிடம் இருந்த அந்த ஒரேயொரு ஆசையையும் பறித்துப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்களே என்று இருந்தது.

எங்களில் எட்டுச்செலவு என்று ஒன்று உண்டு. எட்டாம் நாள், செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம், மச்சமும் மாமிசமும் உட்பட, சமைத்துப் படைப்பது. “அக்காவுக்கு என்ன விருப்பம்?” என்று தொலைபேசியில் தம்பிமார் கதைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் லவால் அத்தான் முடிவு சொன்னார்: “கூழ்தான். நண்டு போட்ட கூழ்.” நான் போனைப் பறித்துக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. அரிசியைக் கழுவினேன்.

கணவர் சாமான்களோடு காரில் முதலே போய்விட்டார். நான் சட்டியில் சோற்றைச் சமைத்து மூடி, துவாயால் சுற்றி, பஸ் எடுத்து, லவால் போகிற மெற்றோவில் ஏறி இருந்தேன். சட்டி மடியில் சுட்டது. ஒருத்தரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது.

அங்கே மச்சாளின் படத்துக்கு முன்னால், வாழையிலை நிறையச் சாப்பாடு. நடுவில் கூழ், அதற்குள் நண்டுக் கால் நீட்டிக்கொண்டு நின்றது. நான் சட்டியை அவிழ்த்தேன்.

“என்ன உது? யப்பான்காரற்ற சாப்பாடெல்லோ? எட்டுக்கு உதையே படைக்கிறது?” என்றார் லவால் அத்தான்.

“அவ விரும்பினது இதுதான். நண்டு திண்டால் அவவுக்கு உடம்பெல்லாம் தடிக்கும். அது தெரியுமோ உங்களுக்கு?”

“அக்கா ஒருநாளும் சொல்லேல்லையே” என்றார்.

“நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே அத்தான்.”

அவருடைய மனைவி வந்து, கூழ்க் கோப்பையைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் சட்டியை வைத்தா. படைத்து முடிந்ததும் வழக்கம்போல எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பகிர்ந்தார்கள். லவால் அத்தானின் கை சட்டி மூடிக்கு வந்தது. நான் மேலே கையை வைத்தேன். “இதில பங்கு பிரிக்கேலாது” என்றேன். அடுத்த நாள் மத்தியானம் அதைச் சூடாக்கி, எங்கள் வீட்டு ஜன்னலோரம் இருந்து, நானே தனியச் சாப்பிட்டேன். கஷ்கொட்டையைக் கடைசியில்.

இப்போதும் சாவி அதற்குள்தான் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியையும் சில்லறையையும் எடுத்து மேசையில் கொட்டிவிட்டு, சட்டியைக் கழுவி ஓராளுக்கு அரிசி போடுவேன். வாசம் பிடித்துக்கொண்டு கணவர் வருவார். “எனக்கு?” என்பார். கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு சொல்வேன்:

“பொறுங்கோ. நான் இன்னும் சாப்பிட்டு முடியேல்லை.”