குடிபூரலன்று போன சப்பாத்துகள்

இன்று எங்கள் தெருவில் பாதி வாசல்களில் மாவிலைத் தோரணம் தொங்குகிறது. நாங்கள் வந்தபோது எங்களுடையதுதான் முதலாவது.

லூயிஷாமில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் பல வருடம் இருந்துவிட்டு, நகரின் மறுகோடியில், வசதியானவர்கள் இருக்கும் ரெய்னர்ஸ் லேன் பக்கம் இந்த வீட்டை வாங்கினோம். வீட்டுக்கு வீடு செரி மரம், சத்தமே போடாத கார்கள். நான் பெற்றோல் நிரப்பும் செட்டில் ஷிப்ட் அடித்தவன். மனைவி பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே படித்துக் கணக்காளர் ஆனவள். இந்த வீடு வந்ததே அவளுடைய பிடிவாதத்தால். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அப்படிப்பட்டவளையே அந்தத் தெரு பயமுறுத்திவிட்டது. இவர்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது. அதுதான் அவளுடைய ஒரே கவலை. புதுவீட்டுக் குடிபூரலுக்கு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே உத்தரவு போனது. காரை அடுத்த தெருவில் விட வேண்டும், வாசலில் நின்று கதைக்கக் கூடாது. எங்கள் சனமாவது மெதுவாகக் கதைப்பதாவது என்றேன். ஒரு முறைப்புத்தான் பதில்.

மிச்சமிருந்தது சப்பாத்து. நாற்பது பேர் வந்து காலணி கழற்றினால் வாசலில் மலை மாதிரிக் குவியும். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். பழைய துணி, சப்பாத்துப் போட்டு வெளியே வைக்கச் சொல்லித் தொண்டு நிறுவனங்கள் கதவின் தபால் துவாரத்தில் செருகிவிட்டுப் போகும் பெரிய வெள்ளைப் பைகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒரு கட்டு லூயிஷாமிலிருந்து எங்களோடு வந்திருந்தது. நாங்கள் எந்தப் பையையும் எறிகிற சாதி இல்லை. வந்தவர்களின் சப்பாத்துகளை அவற்றுக்குள் போட்டு, வாயைக் கட்டி, மதிலோரம் வரிசையாக வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அன்று அந்தத் தெருவில் தொண்டு நிறுவன வான் வண்டி வந்து பை எடுக்கும் நாள்.

உள்ளே பால் பொங்கி முடிந்தது. இன்னொரு வீட்டுப் பூசைக்குப் புறப்பட்ட ஐயர், வெறும் மதிலைப் பார்த்தபடி வெறுங்காலோடு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவிக்கு வரவில்லை.

"முடிஞ்சுது. இனி இந்தத் தெருவில நான் எப்பிடி முகத்தைக் காட்டுறது?"

எதிர்வீட்டு ஆங்கிலேயப் பெண்மணி முன்தோட்டத்தில் ரோசாச் செடி வெட்டிக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது. பைகளை வான் வண்டியில் ஏற்றியதைப் பார்த்திருந்தார். இப்போது ஐயரின் காலையும் பார்த்தார். கத்தரிக்கோலோடு நடுத்தெருவில் இறங்கி நடந்து, தெருமுனையில் திரும்பவிருந்த வானுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அந்தத் துணிச்சலை நான் பட்டாளக்காரரிடம்கூடக் கண்டதில்லை.

வான் திரும்பி வந்தது. ஆனால் எங்கள் பைகளும் மற்ற வீட்டுப் பைகளும் கலந்துவிட்டன. எல்லாவற்றையும் எங்கள் வாசல் புல்லிலேயே கொட்ட வேண்டியதாயிற்று. அவள் எதை மறைக்கப் பாடுபட்டாளோ, அது தெருவுக்கே காட்சியானது. பக்கத்து வீட்டுக் குஜராத்திக் குடும்பமும் அதற்கடுத்த வீட்டுப் போலந்துக்காரரும் வந்து குனிந்து சோடி தேடினார்கள்.

எதிர்வீட்டுப் பெண்மணி மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார். தன் கணவர் பஸ் ஓட்டியவர் என்றும், தாங்கள் வந்த காலத்தில் இந்தத் தெரு முழுக்க வங்கி மேலாளர்கள் என்றும் சொன்னார்.

"முதல் வருடம் நான் துணியை வெளியே காயப் போட்டதே இல்லை. குளியலறைக்குள்தான் காயவைத்தேன். பார்த்தால் பஸ்காரர் வீடென்று தெரிந்துவிடுமே என்று பயம்."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சப்பாத்தைத் தூக்கிப் பிடித்து, தெருவே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"அண்ணை, இந்தக் கறுப்பு உங்கடையோ?"

ஐயர் போனதும் தேடவந்தவர்கள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். பெண்மணி படியில் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினார். மனைவி அதை எடுத்து, மற்றவற்றோடு சேர்த்து, தெருவைப் பார்த்தபடி வாசலிலேயே வைத்தாள்.