திருக்கை முள்ளுக்கு வெந்நீர்

பிள்ளைகளே, நான் ஆஸ்பத்திரியில் என்ன வேலை பார்த்தேன் என்று யாராவது கேட்டால், "தள்ளுவண்டி தள்ளுனாவ" என்று உங்கள் அம்மா சொல்லிவிடுவாள். அது பொய்யில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது. ஆனால் ஒரு வருஷம் நான் ஆராய்ச்சியிலும் இருந்தேன். சிரிக்காதீர்கள். அந்த வருஷம் உங்கள் அம்மா என்னோடு பேசாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்த சமயம். எங்கள் அவசரப் பிரிவை எல்லோரும் கேஷுவால்டி என்றுதான் சொல்லுவோம். மூட்டை சரிந்து கால் நசுங்கியவர்கள், உப்பளத்தில் வழுக்கி விழுந்தவர்கள், லாரியில் அடிபட்டவர்கள் எல்லாம் அங்கேதான் வருவார்கள். ஆனால் திருக்கை அடித்து வருகிறவர்களின் சத்தம் தனி. திருக்கை மீன் கரையோரத்து மணலில் புதைந்து படுத்திருக்கும். வள்ளத்தைத் தள்ளும்போதோ வலையை இழுக்கும்போதோ தெரியாமல் மிதித்துவிட்டால், வாலில் உள்ள முள்ளால் ஒரே அடி. காயத்தைப் பார்த்தால் இவ்வளவுதானா என்றிருக்கும். வலியோ, மூச்சை அடக்கி முத்தும் சங்கும் எடுத்த ஆட்களையே தரையில் போட்டு உருட்டிவிடும்.

மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு டாக்டரம்மா அந்த வருஷம் எங்கள் பிரிவுக்கு வந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். அப்பா அம்மா இருவரும் வாத்தியார்கள். படிப்பு முடிய வேண்டுமென்றால் ஒரு ஆராய்ச்சி செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் திருக்கை முள்ளை எடுத்துக்கொண்டார். அந்த விஷம் சூடு தாங்காது, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து அதில் காலை வைத்திருந்தால் வலி இறங்கும் என்று எங்கோ வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்திருக்கிறார். எங்கள் ஆஸ்பத்திரியில் வழக்கமாகப் போடுவது, அடிபட்ட இடத்தை மரத்துப்போக வைக்கிற மரப்பு ஊசி. இரண்டில் எது மேல் என்று பார்க்க வேண்டும். முள்ளை எடுத்துக் காயத்தைக் கழுவுவதும் டி.டி. ஊசியும் எல்லோருக்கும் உண்டு. வலிக்குக் கொடுப்பதில்தான் வித்தியாசம்.

பெரிய டாக்டர் அரைமனதாகத்தான் சம்மதித்தார். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாரும்மா. ரெண்டு பக்கமும் போதுமான ஆள் தேறலைன்னா வேற தலைப்பு எடுத்துக்க. அந்த ஸ்டவ்வையும் வெளிய தூக்கிரணும். கேஷுவால்டியில டீக்கடை நடத்த முடியாது."

மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு எனாமல் பேசின், ஒரு தெர்மாமீட்டர். இவை என் பொறுப்பு. தண்ணீர் பொறுக்கிற சூடுதானா என்று முதலில் என் கையாலும், பிறகு அடிபடாத காலாலும் பார்த்த பின்புதான் அடிபட்ட காலை உள்ளே விட வேண்டும். வலியில் கிடக்கிற காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

திங்கள், புதன், வெள்ளி வெந்நீர். செவ்வாய், வியாழன், சனி ஊசி. ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால் அன்று இரண்டும் இல்லை. கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது.

வெந்நீர் என்றதும் வந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வெந்நி வைக்கதுக்கா கவர்மெண்டு ஆஸ்பத்திரி? எம் பொண்டாட்டி வைக்கமாட்டாளா?" என்று ஒருவர் கத்தினார். கூட வந்தவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே, "வைப்பாலே. தூக்கித் தலையில ஊத்துவா" என்றார். வலியிலும் அந்த மனுஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொஞ்ச வாரம் போனது. ஊசி நாட்களில் வந்த கால்கள் எல்லாம் பூசணிக்காய் மாதிரி வீங்கி வந்தன. ஊசி போட்டும் அவர்களுக்குச் சரியாகவில்லை. வெந்நீர் நாட்களில் கொஞ்சப் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களுக்குச் சீக்கிரம் வலி இறங்கியது. வெந்நீர் ஜெயிக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் இல்லை.

"இவ்வளவு லேசா ஜெயிக்கக் கூடாதே" என்றார். "எப்ப அடிச்சுதுன்னு கேட்டா எல்லாரும் இப்பத்தான்னு சொல்லுதாங்க. கால பாத்தா அப்படித் தெரியல. ஒங்க தெருவுல கொஞ்சம் விசாரிங்களேன்."

விசாரிக்க நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. குழாயடியில் ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இது தெரியாதாவே ஒமக்கு? திங்கக்கெழம அடிச்சா பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்து செவ்வாக்கெழம போணும். அன்னைக்கித்தான ஊசி. கரை பூராவும் தெரியுமே!"

ஊசிக்காக ஒரு நாள் முழுக்க வலியோடு கிடந்திருக்கிறார்கள். அதனால்தான் ஊசி நாளில் அந்த வீக்கம். இதைப் போய்ச் சொன்னபோது டாக்டரம்மா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அதுவரை எழுதியிருந்த தாள்களை எடுத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடு போட்டார்.

"எல்லாமா டாக்டரம்மா? நல்லதா கொஞ்சம் இருக்குமே?" என்றேன்.

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதுல்லா. தெரியாதத வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

பெரிய டாக்டர் அவரைக் கூப்பிட்டு, வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்த ஆடி மாதம் அது. கிறிஸ்துமஸுக்கு ஐந்து மாதம்கூட இல்லை. நான் கதவருகே நின்றிருந்தேன். "இல்ல சார். முதல்லேர்ந்து ஆரம்பிக்கேன்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. குரல் பெரிதில்லை, ஆனால் மறுபேச்சுக்கு அதில் இடமும் இல்லை. அந்த நிமிஷமே நானும் முடிவு செய்துவிட்டேன். இது முடிகிற வரைக்கும் அந்த ஸ்டவ் என் கையை விட்டுப் போகாது.

இந்த முறை நாள் கணக்கு இல்லை. முதலில் வருகிறவருக்கு வெந்நீர், அடுத்தவருக்கு ஊசி, அப்படி மாறி மாறி. அதிலும் சண்டை வந்தது. ஒரே வள்ளத்து ஆட்கள் இருவர் ஒன்றாக வந்தார்கள். ஒருவருக்கு ஊசி, மற்றவருக்கு வெந்நீர். வெந்நீர்க்காரரின் மனைவி மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏம் டாக்டரம்மா, அவனுக்கு ஊசி, எம் புருசனுக்கு வெறுந்தண்ணியா? ஆளப் பாத்து வைத்தியமா? கரையில சாளை மீன் குவியலுக்கே பங்கு போட்டுத்தான் எடுப்போம். அந்த ஞாயங்கூட இங்கன கெடையாதா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "எப்படிப் பங்கு போடுவீங்க?" என்று கேட்டார்.

"எப்படிப் போடுவோம்? மீனக் குவிச்சு வச்சு, ஆளுக்கொரு அடையாளம் குடுப்போம். கல்லோ, சிப்பியோ, தீக்குச்சியோ. ஒருத்தன் அங்கிட்டுத் திரும்பி நிப்பான், எது யாருதுன்னு தெரியாது. அவன் கையில எல்லாத்தையும் குடுத்து, குவியலுக்கு ஒண்ணா வைக்கச் சொல்லுவோம். பெறகு ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது."

"எங்க புத்தகத்துலயும் அதத்தான் சொல்லியிருக்கு. நான்தான் சோம்பேறித்தனப்பட்டு நாளப் பிரிச்சேன், வரிசையப் பிரிச்சேன். அடுத்து எதுன்னு முந்தியே தெரிஞ்சிருது" என்று டாக்டரம்மா சிரித்தார். அந்தப் பெண்ணுக்குச் சண்டையைத் தொடர வழியில்லாமல் போனது. "அப்ப எங்காளுக்கும் பங்கு போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வரிசையில் எழுதிய கணக்கையும் கோடு போட்டு அடித்துவிட்டு, அன்றைக்கே ஏற்பாடு செய்தோம். காலியான பெனிசிலின் புட்டிகளின் ரப்பர் மூடிகள் எங்களிடம் நிறையக் கிடந்தன. பாதி மூடிகளின் உட்பக்கத்தில் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தைத் தடவிக் காயவைத்தேன். கைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். எல்லாவற்றையும் ஒரு தகரடப்பாவில் போட்டுக் குலுக்கி, டப்பாவின் வாயைத் துணியால் மூடிவைப்பேன். வந்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். ஊதா என்றால் வெந்நீர், வெறும் மூடி என்றால் ஊசி. இஷ்டமில்லாதவர் எடுக்க வேண்டாம், அவர் கேட்ட வைத்தியம் கிடைக்கும், கணக்கில் சேராது. எடுத்தவருக்கும் குறித்த நேரத்துக்குள் வலி இறங்காவிட்டால் மற்றதையும் கொடுத்துவிடுவோம். இதையெல்லாம் டப்பாவை நீட்டும் முன்பே டாக்டரம்மா ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவார்.

மாட்டேன் என்று சொன்னவர்கள் அபூர்வம். பங்கு என்றால் நம் ஆட்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. "நம்ம கை ராசியப் பாப்போம்" என்று முனகிக்கொண்டே எடுப்பார்கள். ஐப்பசி கார்த்திகைக்குள் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அலறிக்கொண்டு வந்தவர் வெந்நீரில் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் பீடி கேட்பதை நான் கண்ணால் பார்த்தேன். வீட்டிலும் வந்து சொன்னேன். டாக்டரம்மாவிடமும், "இனி எல்லாருக்கும் வெந்நீரே குடுத்துரலாமே" என்றேன்.

"நீங்க நம்புதீங்க, நானும் பாதி நம்புதேன். பெரிய டாக்டர் நம்பணுமே. நாளைக்கு நாம ரெண்டு பேரும் இங்க இல்லாதப்ப வாரவரு நம்பணுமே. இன்னும் கொஞ்சப் பேருதான் வேணும். பொறுங்க."

அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவனாக வந்தான் உங்கள் மாமன்.

காலை நேரம். இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே உங்கள் அம்மா, தலைமுடியைக்கூட முடியாமல். வள்ளத்தைக் கரையேற்றும்போது கணுக்காலுக்குக் கீழே அடித்திருந்தது. டாக்டரம்மா எல்லாவற்றையும் சொல்லி, "எடுக்கியா தம்பி?" என்றார். "எடுக்கேன், எடுக்கேன்" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. அதற்குள் அடுத்த கட்டிலில் ஒருவருக்கு ரத்தம் நிற்கவில்லை என்று நர்ஸ் கூப்பிட, டாக்டரம்மா அங்கே திரும்பிவிட்டார். நான் டப்பாவை நீட்டினேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

வெறும் மூடி.

அதை நானும் உங்கள் அம்மாவும் மட்டும்தான் பார்த்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தாங்க, அத உள்ள போட்டுட்டு வேற எடுக்கச் சொல்லுங்க. யாரு பாக்கா? நீங்கதான வீட்டுல வந்து வெந்நி வெந்நின்னு சொன்னிய?"

ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். பெண் எடுத்த வீட்டுப் பிள்ளை. ஆனால் இந்த ஒரு மூடியை நான் மாற்றினால், இதற்கு முன்னால் டப்பாவுக்குள் கை விட்ட அத்தனை பேருடைய வலியும் குறுக்கே கோடு போட்ட தாளாகிவிடும் என்று தெரிந்தது. "டாக்டரம்மா, ஊசி!" என்று சத்தமாகச் சொன்னேன்.

உங்கள் அம்மா என் கையை விட்டாள்.

நான் அவன் பக்கத்தில் குனிந்தேன். "மாப்ள, ஒனக்கு ஊசி விழுந்திருக்கு. வெந்நிதான் வேணும்னா இப்பவே வைக்கேன், ஒருத்தரும் தடுக்கமாட்டாவ. ஆனா கள்ளத்தனமா வேண்டாம். மாறுனேன்னு எழுதிருவோம், ஓம் பங்கு கணக்குல சேராது. அவ்வளவுதான்."

அவன் கண்ணைத் திறந்தான். வேர்வையில் முகம் நனைந்திருந்தது. "பங்குல கைய வச்சுட்டு மாறுனாம்னு கரையில சொல்லுவானுவளே அத்தான்."

"சொன்னா சொல்லிட்டுப் போறானுவ. வலி ஒனக்குத்தான?"

"ஊசியே போடச் சொல்லும்" என்றான். பிறகு தன் அக்காவைப் பார்த்து, "நீ அழாதளா. நீ அழுதா எனக்குக் கூட வலிக்கி" என்றான்.

ஊசி போட்டதும் கொஞ்சம் அடங்கியது. பிறகு வலி திரும்பி வந்தது. குறித்த நேரம் ஆகும் வரை அவன் என் தோளைப் பிடித்த பிடியில் சட்டை கிழிந்தது. நேரம் ஆனவுடனே டாக்டரம்மாவே பேசினைத் தூக்கி வந்து, தண்ணீரைக் கைவிட்டுப் பார்த்து, அவன் காலை உள்ளே வைத்தார். மெல்ல மெல்ல அவன் பிடி தளர்ந்தது. உங்கள் அம்மா அதை எல்லாம் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆள் கணக்கு நிறைந்தது. டாக்டரம்மா எழுதியதைப் பெரிய டாக்டர் நெடுநேரம் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"டப்பாவப் பிடிச்சது நீதான? வேண்டியவனுக்கு வேண்டியத எடுத்துக் குடுக்கலைன்னு நான் எப்படி நம்புறது?"

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரிய டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். நான், "எம் மச்சினனுக்கு ஊசிதான் விழுந்துச்சு ஐயா. ஊசிதான் போட்டோம்" என்றேன்.

"பொண்டாட்டியோட தம்பிக்கா?"

"ஆமா ஐயா."

"வீட்டுல சோறு கெடைக்கா?"

"சோறு கெடைக்கி ஐயா. பேச்சுத்தான் இல்ல."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். காலிலோ கையிலோ திருக்கை அடித்து வருகிறவர்களுக்கு இனி முதலில் வெந்நீர், அதில் தீராவிட்டால் ஊசி என்று கேஷுவால்டி சுவரில் எழுதி ஒட்டச் சொன்னார். பசை தடவி ஒட்டியது நான்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அப்ப, இனி வாரவனுக்கெல்லாம் வந்த ஒடனே வெந்நியா?"

"ஆமா."

"எந்தம்பி அங்கன கெடந்து துடிச்சதுக்குப் பெறகுதான் ஒங்க ஆஸ்பத்திரிக்கு அது தெரிஞ்சுதாக்கும்?"

நான் அவளுக்கு எதிரே வந்து நின்றேன்.

"ஆமா" என்றேன். "அவனும் துடிச்சான், அவனுக்கு முந்தி வந்தவங்களும் துடிச்சாங்க. அதுக்குப் பெறகுதான் தெரிஞ்சுது."

அவள் சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். "போயி அவன்கிட்டயும் சொல்லிட்டு வாங்க. இங்கனயே நிக்கிய" என்றாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தேன்.